வீட்டுக்கு எட்டு கிலோமீட்டர், இறங்கவில்லை

காலை நாலரைக்கே அம்மா எழும்பி உட்கார்ந்துவிட்டார். இலங்கை நேரப்படி நாலரை. கப்பல் புக்கெட்டை விட்டுப் புறப்பட்டபின் மணிக்கூட்டை ஒன்றரை மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளியிருந்தோம். அம்மாவின் உடம்பு அதை ஒப்புக்கொள்ளவில்லை. அதற்கு அப்போது ஆறு மணி, தேத்தண்ணி நேரம்.

கட்டிலில் இருந்தபடியே எதையோ கவனித்துக்கொண்டிருந்தவர், விடிகிற நேரத்தில் சொன்னார்: "பிள்ளை, ஆட்டம் நிண்டிட்டுது. ஹாபருக்குள்ள வந்திட்டம்."

பல்கனிக் கதவைத் திறந்தேன். கொழும்பைக் காணவில்லை. சாம்பல் நிறத் திரை ஒன்றைக் கட்டிவிட்டதுபோல மழை. அதற்குப் பின்னால் நாலைந்து பாரந்தூக்கிகளின் கால்கள் மட்டும் தெரிந்தன. எங்கள் சொந்த ஊருக்கு நாங்கள் உல்லாசப் பயணிகளாக வந்து சேர்ந்த விதம் இது.

சிங்கப்பூரில் இருக்கும் தங்கை, அம்மாவுக்கு எழுபத்தைந்து வயது முடிந்ததற்காக இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்திருந்தாள். தென்கிழக்காசியாவில் ஓடிய கப்பல்கள் நவம்பர் வாக்கில் வளைகுடாப் பக்கம் இடம் மாறும். அப்படிப் போகிற கப்பலில் ஒருவழிப் பயணம், அதனால் கட்டணமும் குறைவு. சிங்கப்பூர், பினாங், புக்கெட், பிறகு இரண்டு முழு நாள் கடல், கொழும்பு, கொச்சி, மும்பை. நானும் அம்மாவும் வெள்ளவத்தையிலிருந்து விமானத்தில் சிங்கப்பூர் போய், அங்கே கப்பல் ஏறி, திரும்பக் கொழும்புக்கு வந்து, கொழும்பைத் தாண்டிப் போய், மும்பையிலிருந்து விமானத்தில் கொழும்புக்குத் திரும்புவதாக ஏற்பாடு. "மூக்கைச் சுத்தித் தொடுறது உதுதான்" என்றார் அண்ணா. இந்தியத் துறைமுகங்கள் வழியில் இருப்பதால் இந்திய விசாவைச் சிங்கப்பூரில் ஏறும்போதே கேட்டார்கள். கொச்சியில் இறங்க நினைக்காதவர்களும் அதை முதலே எடுத்து வைத்திருப்பது நல்லது.

கொழும்பு நாளுக்கான எங்கள் திட்டம் மிக எளியது. வீட்டுக்குப் போவது, சாமிக்கு விளக்கு வைப்பது, இடியப்பம் சாப்பிடுவது, திரும்பி வருவது. கப்பல் ஆறு மணிக்குப் புறப்படும். எல்லாரும் ஐந்து மணிக்குள் ஏறிவிட வேண்டும்.

அம்மா கதவடியில் நின்று மழையைப் பார்த்தார். "இது விடுற மழை இல்லை" என்றார்.

ஒக்டோபர், நவம்பரில் கொழும்பு மழைக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில் வெயில் எறிக்கும், மத்தியானம் புழுங்கும், இரண்டு மூன்று மணிக்கு வானம் கறுத்து இடியோடு கொட்டும், இரவு வெளித்துவிடும். தென்மேல் பருவக்காற்று போய் வடகீழ் பருவக்காற்று வருவதற்கு இடைப்பட்ட காலத்தின் குணம் அது. அப்படியான நாளென்றால் எட்டு மணிக்கே இறங்கி ஒரு மணிக்குள் திரும்பினால் தலை நனையாமல் ஊர் பார்க்கலாம். விடியும்போதே இடியும் இல்லாமல் அவசரமும் இல்லாமல் ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தால், பெரும்பாலும் வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் ஒன்று உட்கார்ந்திருக்கும். "பத்து மணிக்கு வெளிக்கும்" என்று அந்த மழையில் காத்திருப்பது வீண். வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கையை முதல்நாள் இரவே பார்த்திருக்கலாம். நடுக்கடலில் இன்டர்நெட்டுக்குக் காசு கட்ட மனமில்லாமல் நான் பார்க்கவில்லை. கப்பலின் வரவேற்பு மேசையில் கேட்டிருந்தால் சும்மாவே சொல்லியிருப்பார்கள்.

துறைமுகத்திலிருந்து வெள்ளவத்தை எட்டு கிலோமீட்டர்தான். ஆனால் மழை நாளில் காலி வீதியைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு தூரம் என்று தெரியும். வட்ஸ்அப்பில் ஆமர் வீதிச் சந்தியின் படம் வந்துவிட்டது. ஓட்டோவின் சில்லு பாதிவரை தண்ணீரில். எங்கள் கப்பலின் இறங்குபாலமோ செங்குத்தாக, நனைந்து, மினுங்கிக்கொண்டு கிடந்தது. அம்மாவின் முழங்கால்களை நினைத்துப் பார்த்தேன்.

"வீட்டை போய் என்ன செய்யிறது பிள்ளை? மழைக்கு வீட்டுக்குள்ள இருக்கிறது. அதை இஞ்சையே இருந்து செய்யலாம்" என்றார் அம்மா. முடிவு எடுத்தாயிற்று. ஏழு மணிக்கு முன்பே எடுத்ததுதான் நாங்கள் அன்று செய்த புத்திசாலித்தனமான காரியம். எத்தனையோ பேர் பதினொரு மணிவரை குடையைக் கையில் பிடித்துக்கொண்டு, இறங்குவதா விடுவதா என்று லிப்ட் வாசலிலேயே நின்றார்கள். இறங்கவும் இல்லை, இருக்கவும் இல்லை.

எங்களோடு வந்த தங்கையும் அவளுடைய கணவரும் காலிக்குப் போகிற சுற்றுலாவுக்குப் பதிந்திருந்தார்கள். பின்னவலை யானைகளைப் பார்க்கிற சுற்றுலாவைக் கப்பல்காரரே இரத்துச் செய்து முழுக் காசையும் திருப்பிக் கணக்கில் போட்டுவிட்டார்கள். காலிப் பயணம் இரத்தாகவில்லை. நாங்களாக விலகினால் ஒரு சதமும் திரும்பாது என்றதும் தங்கை மழைக்கோட்டை மாட்டினாள். கப்பல் மூலம் பதிந்த சுற்றுலாவில் ஒரு நன்மை உண்டு: பஸ் பிந்தினாலும் கப்பல் காத்திருக்கும். வெளியில் சொந்தமாக வான் பிடித்துக் கண்டிக்குப் போகிறவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம். ஏறக்குறைய 115 கிலோமீட்டர், ஒரு வழிக்கே மூன்று நாலு மணித்தியாலம், கடுகண்ணாவை ஏற்றத்தில் மழை. கப்பல் அவர்களுக்காக நிற்காது. இந்த நாளில் ஊர் பார்த்தே ஆகவேண்டும் என்பவர்களுக்குக் கொழும்புக்குள்ளேயே கூரையுள்ள இடங்கள் போதும். 1877இல் திறந்த தேசிய நூதனசாலை ஒன்றே அரை நாளை விழுங்கும்.

எட்டரைக்கு வரிசை, தள்ளுமுள்ளு. ஒன்பதரைக்குக் கப்பல் வெறிச்சோடிவிட்டது.

கடல் நாட்களில் பஃபே மண்டபத்தில் யன்னலோர மேசை பிடிப்பது வெள்ளவத்தைச் சந்தையில் சனிக்கிழமை மீன் வாங்குவது மாதிரி. இன்று நாங்கள் விரும்பிய மேசையில் இருந்தோம், பிடிக்காமல் இன்னொன்றுக்கு மாறினோம், பிறகு முதல் மேசைக்கே திரும்பினோம். முட்டை சுடுபவர் அம்மாவிடம் வந்து என்ன வேண்டும் என்று கேட்டார். அம்மாவுக்கு இன்னொரு விடுதலையும் இருந்தது. இரண்டு நாளாகத் தலைசுற்றோடு கட்டிலில் கிடந்தவர், ஆடாத தரையில் கைப்பிடி இல்லாமல் நடந்தார். கொழும்பில் கப்பல் நேரே துறைமேடையோடு கட்டும். நங்கூரமிட்டுச் சிறு படகில் ஆட்களை ஏற்றி இறக்குகிற துறைமுகங்களில் கடல் கொந்தளித்தால் கரையிறங்குவதையே நிறுத்திவிடுவார்கள். கப்பலும் நாள் முழுக்க ஆடும். கொழும்பின் அமைதி சும்மா வந்ததில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

என்ன திறந்திருக்கும், என்ன பூட்டியிருக்கும் என்பதை முதலே தெரிந்துகொண்டால் எரிச்சல் குறையும். வரியில்லாக் கடைகளும் கசீனோவும் துறைமுகத்தில் நிற்கும்வரை பூட்டு. சட்டம் அப்படி. பெரிய சாப்பாட்டு மண்டபம் மத்தியானம் இயங்காது, பஃபே மட்டும்தான். அழகு நிலையத்தில் துறைமுக நாள் கழிவு உண்டு. தலைக்கு எண்ணெய் வைத்துத் தேய்ப்பதற்கான விலையை, கழிவு போக, நான் ரூபாயில் பெருக்கிச் சொன்னேன். அம்மா அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்து, கைகூப்பிவிட்டு வெளியே வந்துவிட்டார். வெளியே வந்தபின் என்னிடம், "அந்தக் காசுக்கு நான் உனக்கும் கொண்ணைக்கும் அஞ்சு வருசம் எண்ணெய் வைச்சனான்" என்றார். கப்பல் முழுக்க ஏசி. நனைந்த சேலையோடு உள்ளே வந்தால் நடுங்க வேண்டியதுதான். வெப்பநாட்டுப் பயணம்தானே என்று சுவெட்டரை வீட்டில் விட்டுவராதீர்கள்.

நாங்கள் மேல் தளத்துக்குப் போனோம். கூரை மூடிய நடைபாதை ஒன்று கப்பலைச் சுற்றி ஓடுகிறது. எங்கள் கேபின் பல்கனி பார்த்தது கொள்கலன் முனையத்தை. பல்கனிக்கென்று மேலதிகமாகக் கட்டிய காசுக்கு மழையில் நனையும் இரும்புப் பெட்டிகள்தான் காட்சி. எந்தப் பக்கத்தைத் துறைமேடைக்குக் கொடுத்துக் கட்டுவார்கள் என்பதை யாரும் முன்கூட்டி உறுதி சொல்ல முடியாது. அதனால் துறைமுக நாளில் பல்கனியில் ஒட்டிக்கொண்டிராமல் இரண்டு பக்கமும் நடந்து பார்க்க வேண்டும். மற்றப் பக்கம் போனதும் மழை கொஞ்சம் மெலிந்தது. தாமரைக் கோபுரம் இடுப்புக்கு மேலே இல்லை, மேகம் தின்றுவிட்டது. உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கட்டடங்கள் மங்கலாக. பிறகு கொட்டாஞ்சேனைப் பக்கம், மரங்களுக்கு மேலே, புனித லூசியா பேராலயத்தின் குவிமாடம்.

"அதுதான்" என்றார் அம்மா.

நான் பிறந்ததும் பத்தொன்பது வயதுவரை வளர்ந்ததும் அந்தக் குவிமாடத்துக்குக் கீழே ஒரு ஒழுங்கையில். அப்பா வார்ஃப் கிளார்க். சரக்கு இறக்குகிற கொம்பனிக்காகச் சுங்கத்துக்கும் களஞ்சியத்துக்கும் கப்பல் முகவருக்கும் இடையில் கட்டுக்கட்டாகக் கடதாசி தூக்கிக்கொண்டு ஓடுகிற வேலை. முப்பத்தொரு வருசம். அந்த முப்பத்தொரு வருசமும் அம்மா துறைமுகத்துக்குள் காலடி வைத்ததில்லை. பாஸ் இல்லாமல் யாரையும் விடமாட்டார்கள். யுத்த காலத்தில் மதிலோரம் நின்று பார்ப்பதும் சந்தேகத்துக்குரிய காரியம். யோர்க் வீதியிலிருக்கும் கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டலின் நாலாம் மாடிச் சாப்பாட்டு மண்டபத்திலிருந்து ஹாபர் முழுக்கத் தெரியும், ஒருநாள் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். சொல்லிக்கொண்டேதான் இருந்தார்.

அம்மாவுக்கு ஹாபர் என்பது சத்தம். ஒரு நீண்ட சங்கு கேட்டால் கப்பல் வெளிக்கிடுகிறது. டிசெம்பர் 31 நள்ளிரவில் நிற்கிற கப்பல்கள் எல்லாம் சேர்ந்து ஊதினால் புதுவருசம். மழை பெய்தால் அப்பா பிந்துவார். அது ஏனென்று அன்றுதான் அம்மா எனக்குச் சொன்னார், நானும் அதுவரை கேட்டதில்லை. கொள்கலன்கள் மழைக்கு அசையாது. எங்கள் கண்முன்னாலேயே பாரந்தூக்கிகள் ஒன்று மாறி ஒன்று பெட்டிகளை எடுத்துக்கொண்டிருந்தன. ஆனால் மாவும் அரிசியும் சீமெந்தும் மூட்டையாக வந்த காலத்தில், முதல் துளி விழுந்ததும் கப்பலின் நிலவறை மூடியை இழுத்து மூடிவிடுவார்கள். லொறிகள் வரிசையில் நிற்கும். கூலிக்காரர் தாயம் உருட்டுவார்கள். தாமதக் கட்டணம் ஏறும். மழை விடுகிறவரை வார்ஃப் கிளார்க் கடதாசியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு களஞ்சியத்துத் தாழ்வாரத்தில் நிற்பார்.

"எந்தத் தாழ்வாரம்?" என்று அம்மா கேட்டார், கையை நீட்டி. பழைய களஞ்சியங்களின் ஓட்டுக் கூரைகள் தூரத்தில் தெரிந்தன. எனக்குத் தெரியாது. ஒன்றைக் காட்டினேன். அம்மா அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

அமைதியைப் பற்றிச் சொல்ல வந்தேன். ஒரு காலத்தில் கொழும்பு திறந்த கடல். தென்மேல் பருவக்காற்றில் கப்பல்கள் இங்கே நிற்கப் படாதபாடு படும். தபால் கப்பல்கள் காலிக்குத்தான் போயின. 1875 டிசெம்பரில் வேல்ஸ் இளவரசர், பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னரானவர், தென்மேற்கு அலைத்தடுப்புச் சுவருக்கு முதற்கல் வைத்தார். 1885இல் அது முடிந்தது. காலியின் கப்பல் வியாபாரம் கொழும்புக்கு வந்துவிட்டது. பிறகு இன்னும் சுவர்கள் வந்தன, தெற்கே புதிய துறைமுகமே வந்தது. 2018இல் இருபதடிப் பெட்டிக் கணக்கில் 70 இலட்சத்தைக் கொழும்பு கையாண்டது. அதில் பெரும்பகுதி நம் நாட்டுக்கு வருவதே இல்லை; ஒரு கப்பலில் இருந்து இறங்கி இன்னொன்றில் ஏறிப் போகிறது, எங்களைப்போல. விடியற்காலையில் "ஆட்டம் நிண்டிட்டுது" என்று அம்மா சொன்னாரே, அந்தச் சுவர்களைத் தாண்டி உள்ளே வந்த கணம் அது.

பத்தரைக்கு அம்மாவைக் கேபினில் விட்டுவிட்டு நான் கோப்பி எடுக்கப் போனேன். அப்போது அலாரம். ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி. ஆட்கள் இறங்கிப்போன துறைமுக நாளில்தான் கப்பல்காரர் பணியாளர்களுக்கு அபாயப் பயிற்சி வைப்பார்கள். "இது பயிற்சி, பயணிகள் ஒன்றும் செய்ய வேண்டாம்" என்று ஆங்கிலத்தில் அறிவித்தும் இருந்தார்கள். அம்மாவுக்குச் சங்குச் சத்தம் மட்டும்தான் விளங்கியது. நான் ஓடிப்போய்ப் பார்க்கும்போது அவர் நடைக்கூடத்தில் நிற்கிறார். சேலைக்கு மேலே செம்மஞ்சள் உயிர்காப்புச் சட்டை, பட்டி சரியாக இறுக்கி, கையில் கடவுச்சீட்டும் மருந்துப் பையும். "சிங்கப்பூரில காட்டித் தந்தமாதிரித்தானே செய்தனான்" என்றார். உண்மை. கப்பலில் இருந்த பயணிகளில் முதல்நாள் பயிற்சியை ஒழுங்காக நினைவில் வைத்திருந்தவர் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். பயிற்சி நேரம் முதல்நாள் இரவு கதவில் செருகிவிட்டுப்போன தினசரி நிகழ்ச்சித் தாளில் அச்சாகியிருந்தது. நான் அதில் சாப்பாட்டு நேரத்தை மட்டும் பார்த்திருக்கிறேன். வயதானவர்களோடு போகிறவர்கள் அந்தத் தாளைத் தமிழில் வாசித்துச் சொல்லிவிட்டுத் தூங்கப் போங்கள். உயிர்காப்புப் படகுகளை இறக்கி ஏற்றியும் பார்த்தார்கள். அந்த ஒரு மணித்தியாலம் எங்கள் நடைபாதை மூடியிருந்தது.

அடுத்த தவறு முழுக்க என்னுடையது. விடிந்ததும் வந்த சிக்னல் மகிழ்ச்சியில், குடும்ப வட்ஸ்அப்பில் "கொழும்பு வந்தாச்சு, மழை, இறங்கவில்லை" என்று போட்டுவிட்டேன். பதினொன்றரைக்கு மச்சாளின் அழைப்பு.

"மச்சாள், நான் வாசலில நிக்கிறன்."

"எந்த வாசலில?"

"ஹாபர் வாசலில. இடியப்பமும் சொதியும் கொண்டுவந்தனான். மாமிக்கு அந்தக் கப்பல் சாப்பாடு ஒத்துவராது. ஆரையும் அனுப்பு."

அனுப்புவதற்கு யாரும் இல்லை. துறைமுகத்துக்குள் ஓட்டோவோ வெளிக் காரோ வர முடியாது. கப்பலடியிலிருந்து வாசல்வரை நடக்கவும் விடமாட்டார்கள், ஷட்டில் பஸ்தான். கப்பல் அட்டையையும் அடையாளப் பத்திரத்தையும் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு நானே இறங்கினேன். இறங்குபாலத்தில் செருப்போடு போனது மடத்தனம். பாதியில் வழுக்கி, கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினேன். ரப்பர் அடியுள்ள சப்பாத்து இல்லாமல் மழையில் அந்தப் பாலத்தில் கால் வைக்கக்கூடாது. அரை மணிக்கு ஒன்று என்று எழுதியிருந்த பஸ் முக்கால் மணி எடுத்தது.

வாசலில் மச்சாள் காருக்குள் இருந்தார். கண்ணாடியெல்லாம் புகார் படிந்திருந்தது. வீட்டில் சமைத்த சாப்பாட்டைக் கப்பலுக்குள் விடமாட்டார்கள் என்று நான் சொன்னதும் அவருடைய முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. வெள்ளவத்தையிலிருந்து ஒன்றேகால் மணித்தியாலம் ஓட்டி வந்திருக்கிறார். திருப்பி அனுப்ப மனம் வருமா? முன் இருக்கையில் இருந்து வாழையிலைப் பார்சலை மடியில் விரித்து, இரண்டு பேர் பங்கை நான் ஒருத்தி சாப்பிட்டேன். இடியப்பம் இன்னும் சூடு. சம்பலில் மாசி தூக்கலாக. காரின் கூரையில் மழை அடிக்கிற சத்தத்தில் மச்சாள் சொன்ன வீட்டுப் புதினத்தில் பாதி கேட்கவில்லை. கதவைத் திறந்து, மழையிலேயே கையை நீட்டிக் கழுவினேன்.

பக்கத்தில் ஓர் ஓட்டோக்காரர், பஸ்ஸால் இறங்கிய வெள்ளைக்காரத் தம்பதியை மறித்து, இன்றைக்கு மட்டும் கோவிலில் யானைத் திருவிழா என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். கங்காராம விகாரையின் நவம் பெரஹெரா பெப்ரவரி மாதப் பௌர்ணமியை ஒட்டி வருவது. நவம்பர் மழையில் யானை வராது. நான் அந்தப் பெண்ணைப் பார்த்து இல்லையென்று மெல்லத் தலையாட்டினேன், புரிந்துகொண்டார். கொழும்புக்கு வருகிறவர்கள் ஓட்டோ அழைக்கிற பிக்மீ செயலியைப் போனில் ஏற்றிக்கொண்டு வந்தால் கட்டணம் முதலே தெரியும், யானைக் கதையும் கேட்க வேண்டியதில்லை.

கடைசியில் மச்சாள் முத்திரை உடையாத மலிபன் கிறீம் கிறேக்கர் பக்கற் ஒன்றைத் தந்துவிட்டார். கப்பலின் ஸ்கேனரில் அதை ஒன்றும் சொல்லவில்லை.

அம்மா கேட்ட முதல் கேள்வி: "சொதிக்கு வெந்தயம் போட்டவளோ?"

"ஓம்."

"ம்" என்றுவிட்டு பிஸ்கட்டைப் பிரித்தார். அதற்குப் பிறகு என்னோடு அரை மணித்தியாலம் கதைக்கவில்லை.

பிற்பகல் பஃபே மண்டபத்தில் எங்களைத் தவிரப் பத்துப் பேர் இருந்திருக்கலாம். தட்டெடுக்க வந்த இளைஞர் எங்கள் பேச்சைக் கேட்டு நின்றார். "நீங்க தமிழா? எனக்குத் தூத்துக்குடி அக்கா." ஆறு நாளாக அதே மண்டபத்தில் சாப்பிட்டிருக்கிறோம், கூட்டத்தில் அவர் எங்களையோ நாங்கள் அவரையோ கவனித்ததில்லை. பணியாளர்களுக்கும் துறைமுக நாள் என்றால் ஆசை. வேலை மாறுகிற இடைவெளியில் இரண்டு மூன்று மணி கிடைத்தால் இறங்கி ஒரு சிம் வாங்கி வீட்டோடு பேசுவார்களாம். இன்றைக்கு மழை, பஸ்ஸும் பிந்துகிறது, போய்த் திரும்ப முடியாது என்று இருந்துவிட்டார். என் போனைக் கொடுத்து வட்ஸ்அப்பில் பேசச் சொன்னேன். வேண்டாம் என்றார், பிறகு வாங்கி மூலைக்குப் போய் ஐந்து நிமிடம் பேசினார்.

திரும்பி வந்து போனைத் தந்தபோது, "எங்க தாத்தா தோணியில இங்கதான் வருவாரு பாட்டி. வெங்காயம், மிளகா, கருவாடு ஏத்திக்கிட்டு. கொழும்புன்னாலே வீட்ல ஒரே கதையா இருக்கும்" என்றார். தூத்துக்குடித் தோணிகள் கொழும்புத் துறைமுகத்தில் சரக்கு இறக்கிய காலம் அம்மாவுக்குத் தெரியும். அப்பாவின் வாயில் "தோணிச் சரக்கு" என்ற சொல் எப்போதும் இருக்குமாம். தோணி வெங்காயத்துக்கு அப்பா கடதாசி எழுதியிருப்பார் என்று அம்மா அந்தப் பிள்ளைக்குச் சொன்னார். இருவருக்கும் அதில் ஒரே சந்தோசம். நான் குறுக்கே போகவில்லை. மூன்று மணிக்கு அவர் இரண்டு கோப்பையில் ரசம் கொண்டுவந்தார். பணியாளர் சமையலறையில் வைத்ததாம், மெனுவில் இல்லாதது. மிளகு கொஞ்சம் கூட. மழைக்கு அது சரி. என்னோடு கதைக்காமல் இருந்த அம்மா கோப்பையைக் காட்டி, "குடி, ஆறப்போகுது" என்றார்.

பிறகு நூலகத்தில் ஒரு மணித்தியாலம். யாரோ பாதி அடுக்கிவிட்டுப் போன படப்புதிர் ஒன்று மேசையில் கிடந்தது. ஒரு தேவாலயமும் பனி மலையும். அம்மா வானத்தை முடித்தார்.

தங்கை நாலேமுக்காலுக்கு வந்தாள், சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு. "காலிக் கோட்டையை பஸ் கண்ணாடிக்குள்ளால பாத்தம். கண்ணாடியும் புகார்." அதிவேக வீதி என்றபடியால் போக்குவரத்து பரவாயில்லையாம். கோட்டை மதிலில் ஏற ஒருவரும் இறங்கவில்லை. அவளுடைய கணவர் நல்ல இஞ்சித் தேத்தண்ணி குடித்ததை மூன்று தரம் சொன்னார்.

ஐந்தரைக்கு நாங்கள் மறுபடி மேல் தளத்தில். மழை தூறலாகிவிட்டது, போகிற நேரம் பார்த்து. துறைமுகம் விளக்குப் போட்டுக்கொண்டிருந்தது. எங்கள் போன்களை விமான நிலைக்கு மாற்றச் சொன்னேன். கரைச் சிக்னல் அறுந்ததும் போன் தானாகக் கப்பலின் செய்மதி வலையமைப்பைப் பிடித்துக்கொள்ளும். பினாங்கில் இருந்து வெளிக்கிடும்போது அப்படிப் பிடித்ததற்குத் தங்கை கட்டிய காசில் மச்சாளுக்கு ஒரு மாதம் இடியப்பம் வாங்கலாம். அம்மா மட்டும் தரமாட்டேன் என்றார். ஒரு அழைப்பு இருக்கிறதாம்.

கயிறுகளை அவிழ்த்தார்கள். இழுவைப் படகு ஒன்று மூக்கால் தள்ளியது. துறைமேடைக்கும் எங்களுக்கும் நடுவில் கறுத்த தண்ணீர் ஒரு சாண், ஒரு முழம், பிறகு ஒரு ஒழுங்கை அளவு. கப்பல் ஊதியது. ஒரே நீண்ட சங்கு; தளத்துக் கைப்பிடி அதிர்ந்தது, என் நெஞ்சுக்குள்ளும் அது கேட்டது. கொட்டாஞ்சேனைக் குவிமாடம் இருட்டில் மறைந்துகொண்டிருந்தது.

அம்மா போனைக் காதில் வைத்திருந்தார். எங்கள் பழைய வீட்டுக்குப் பக்கத்து வீட்டு அன்ரி, இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

"இப்ப ஒரு சங்கு ஊதினதே, கேட்டதே? அது நாங்கள்தான்."

மறுமுனையில் என்ன சொன்னார் என்று போனை மூடியபின் கேட்டேன்.

"டிவியில நாடகம் போகுதாம். ஒண்டும் கேக்கேல்லையாம்" என்றார் அம்மா. போனை என்னிடம் தந்துவிட்டு, அலைத்தடுப்பின் நுனி விளக்கு எங்கே என்று தேடத் தொடங்கினார்.